மேல்படிக் கைப்பிடி

ஜனவரி 12

அன்புள்ள சின்னவனுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். உன் அண்ணிக்குக் குளிரில் இடுப்புப் பக்கம் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது, வெயில் வந்தால் சரியாகிவிடும். உன் வீட்டில் எல்லோரும் எப்படி? குழந்தைக்குப் பல் விழுந்தது என்றாயே, முளைத்ததா? போனில் கேட்கலாம் என்றால் நான் ஒன்று சொல்ல உனக்கு வேறொன்று கேட்கிறது. அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனி மெஷின்கள் உன் காதைத் தின்றுவிட்டன. அதனால்தான் காகிதம்.

சிரிக்கமாட்டாய் என்றால் ஒரு விஷயம் சொல்கிறேன். நான் வீட்டிலேயே வெல்டிங் பழக ஆரம்பித்திருக்கிறேன். உன் வெல்டிங் செட்டு பதினொரு வருஷமாகப் பின் வராந்தாவில் சாக்கு மூடிக் கிடந்தது. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு வயரெல்லாம் மாற்றினேன். சுவிட்சைப் போட்டால் பழையபடியே உறுமுகிறது. ஆனால் எனக்கு அடங்கமாட்டேன் என்கிறது. வெல்டிங் ராடை இரும்பில் வைத்ததும் ஒட்டிக்கொள்கிறது. இழுத்தால் வருவதில்லை. முறுக்கிப் பிடுங்கினால் மேல்பூச்சு உதிர்ந்துபோகிறது. மூன்று நாளில் அரைக்கட்டு ராடு வீண்.

"ஐம்பத்தாறு வயசுல உங்களுக்கு இது எதுக்குங்க? தையல் கடையில துணியை வெட்டினோமா, வீட்டுக்கு வந்தோமான்னு இருக்கக் கூடாதா?" என்கிறாள் அண்ணி. கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது, அவ்வளவுதான்.

நேரம் கிடைக்கும்போது நாலு வரி எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் மூவரும் நலம். பல் முளைத்துவிட்டது, கொஞ்சம் கோணலாக. அண்ணியின் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பாருங்கள்.

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. படித்துவிட்டுச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். நான் வைத்த வெல்டு விட்டுப்போய்த்தான் அண்ணி மாடிப்படியிலிருந்து விழுந்தார்கள். அதற்குப் பிறகு நான் ராடு மாட்டுகிற ஹோல்டரைக் கையில் எடுக்கவில்லை. இங்கே வெல்டிங் பட்டறை இருக்கிற பக்கம் நடப்பதுகூட இல்லை, தெருவின் எதிர்ச் சாரியில் போய்விடுவேன். வேலை தெரிந்தவர் யாரையாவது கேளுங்கள் அண்ணா. போயும் போயும் என்னைக் கேட்கலாமா?

இதோடு கடிதத்தை முடித்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் ராடு ஒட்டிக்கொள்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அது மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது. ராடைக் குத்தாதீர்கள். தீக்குச்சியை உரசுவது போல உரசுங்கள். பற்றிக்கொண்டதும் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள். ராடு எவ்வளவு தடிமனோ அவ்வளவு இடைவெளி போதும். எர்த் கிளாம்ப் கவ்வுகிற இடத்தில் துருவும் பெயின்ட்டும் இருக்கக் கூடாது. பழைய ராடு ஈரம் குடித்திருக்கும், தூக்கிப் போடுங்கள். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு நொடிகூடப் பார்க்காதீர்கள். நைலான் சட்டை போடாதீர்கள்.

இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.

உங்கள் தம்பி


பிப்ரவரி 13

அன்புள்ள சின்னவனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. கோணல் பல் நம் அப்பா வழி, தானே நேராகிவிடும்.

உரசினேன். பற்றிக்கொண்டது! கண்ணாடிக்குள் அந்தச் சின்ன வெளிச்சத்தைப் பார்த்ததும் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. ஒரு விரல் நீளத்துக்குக் கோடு போட்டேன். மேலே படிந்த கசடைத் தட்டிப் பார்த்தால் கோழி நடந்துபோன மாதிரி இருக்கிறது. ஒரு இடத்தில் மேடு, ஒரு இடத்தில் ஓட்டை. உன் அண்ணி பார்த்துவிட்டு, "இது வெல்டிங்கா, இல்ல இரும்புக்கு அம்மை போட்டிருக்கா?" என்றாள்.

எதற்காகப் பழகுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாடிப்படியின் மேல்படியில் கைப்பிடி இல்லாமல் இருக்கிறதல்லவா? அண்ணி இத்தனை வருஷம் மாடிக்கு ஏறவே இல்லை. இப்போது, "ஒரு நாளாவது மேல வெயில்ல துணி காயப்போடணும்" என்கிறாள். டாக்டரும் மெல்ல ஏறி இறங்கட்டும் என்கிறார். கைப்பிடியைத் தாங்குகிற அந்த ஒரு இரும்புக் காலை நானே நிறுத்திவிடலாம் என்று பார்க்கிறேன். பைப்பில் வைத்தால் பொத்துக்கொண்டு உள்ளே போகிறது. என்ன செய்ய?

குழந்தைக்கு என் முத்தம்.

அண்ணன்


பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் நலமே. அண்ணி மாடிக்கு ஏற ஆசைப்படுகிறார்கள் என்று படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டேன்.

அண்ணா, அந்தப் படிக்கட்டிலா பழகப் போகிறீர்கள்? அது அரை நாள் வேலை. நல்ல வெல்டராகப் பார்த்துக் கூப்பிடுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், வெட்டுவதில் உங்களுக்கு நிகர் கிடையாது. ஒட்டுவது வேறு கை.

கேட்கமாட்டீர்கள் என்று தெரியும். அதனால் இதைக் கேளுங்கள். பைப் சன்னமானது, கரன்ட்டைக் குறையுங்கள். ஒரே இழுப்பாக இழுக்காமல் விட்டு விட்டு வையுங்கள். காதால் கேளுங்கள். தகரத்தின் மேல் விடாமல் தூறல் விழுகிற மாதிரி சத்தம் வந்தால் சரி. வெடித்து வெடித்துப் பேசினால் ராடு தள்ளியிருக்கிறது. படிக்கட்டைத் தொடுவதற்கு முன் இருபது துண்டுகளை ஒட்டி, ஒவ்வொன்றையும் வைஸ் இடுக்கியில் பிடித்து, பெரிய சுத்தியலால் அடியுங்கள். ஒட்டு விடக் கூடாது, இரும்பு வளைய வேண்டும். இருபதும் நின்றால்தான் படிக்குப் போக வேண்டும். எனக்குச் சத்தியம் செய்யுங்கள்.

இதை எழுதும்போது பென்சிலை ராடு மாதிரிப் பிடித்து மேசையில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி பார்த்துவிட்டு, "என்ன பண்றீங்க?" என்றாள். நான் வெல்டராக இருந்ததே அவளுக்குத் தெரியாது. சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டேன். "சும்மா" என்று சொல்லிப் பென்சிலை வைத்துவிட்டேன்.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி


மார்ச் 10

அன்புள்ள சின்னவனுக்கு,

நலம். அண்ணியும் விசாரித்தாள்.

சத்தியம். இருபது துண்டு அடித்துவிட்டுத்தான் படிக்குப் போவேன். முதல் எட்டும் ஒரே அடியில் பிய்ந்துபோயின. ஒன்பதாவது மூன்று அடி தாங்கியது. பதினாலாவதை அடித்தேன், அடித்தேன், இரும்பு மடங்கிப் படுத்துவிட்டது, ஒட்டு அசையவில்லை. அண்ணி ஜன்னலிலிருந்து கைதட்டினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒழுங்காக வைத்த வெல்டு விடாது என்பதைப் புத்தியால் தெரிந்துகொள்வது வேறு. சுத்தியலால் தெரிந்துகொள்வது வேறு.

வேறு வெல்டரைக் கூப்பிடச் சொல்கிறாய். இங்கே வருகிறவர்கள் சரியில்லை.

கடையில் வேலை குவிந்திருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

அண்ணன்


மார்ச் 22

அன்புள்ள அண்ணனுக்கு,

அனைவரும் நலம். பதினாலாவது துண்டு என்று நீங்கள் எழுதியதைப் படித்து எனக்கே கை துறுதுறுத்தது. பல வருஷம் கழித்து நேற்றுப் பட்டறை இருக்கிற சாரியிலேயே நடந்தேன்.

ஒன்று கேட்கிறேன், மறுக்காதீர்கள். விழுந்த அந்தக் கைப்பிடியைப் பரணில் போட்டதாகச் சொன்னீர்களே, இன்னும் இருக்கிறதா? அந்தக் காலின் அடிநுனியை மட்டும் ஒரு சாண் அறுத்து எனக்கு அனுப்புங்கள். நான் பார்க்க வேண்டும். விட்டுப்போன இடத்தைப் பார்த்தால் போதும், என்ன தப்புச் செய்தேன் என்று அதுவே சொல்லிவிடும். உள்ளே கறுப்பாகக் கசடு இருந்தால் அவசரப்பட்டிருக்கிறேன். மேலோடு மட்டும் ஒட்டியிருந்தால் கரன்ட் போதவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்குக் கடைசியாக வைத்தது அந்தக் கால்தான். ராடு எரிந்து கட்டையாகிவிட்டிருந்தது. புது ராடு எடுக்கச் சோம்பல்பட்டு அந்தக் கட்டையாலேயே முடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். குனிந்த முதுகு வலி, சட்டையில் சுட்ட ஓட்டை, எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஒரு நிமிஷச் சோம்பல். அண்ணிக்கு ஆயுசுக்கும் நொண்டல்.

அந்த நுனியைப் பார்த்துவிட்டால் நிம்மதியாகிவிடும் என்று இல்லை. எதற்காக வருத்தப்பட வேண்டும் என்றாவது தெரியும்.

காத்திருக்கிறேன்.

உங்கள் தம்பி


ஏப்ரல் 25

என் அன்புத் தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். குழந்தையும் அவளும் சுகம்தானே? நான் நன்றாக இருக்கிறேன். உன் அண்ணனுக்குத்தான் கண் கெட்டுவிட்டது. பயப்படாதே, இப்போது தேவலை.

போன மாதக் கடைசியில் கண்ணாடியைச் சரியாக மாட்டாமல் வெல்டிங் வைத்திருக்கிறார். மறுநாள் கண்ணுக்குள் மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி எரிச்சல், தண்ணீராகக் கொட்டியது. டாக்டர் சொட்டு மருந்து கொடுத்து இரண்டு நாள் கண்ணைக் கட்டிவைத்தார். அந்தச் சமயம் பார்த்து உன் கடிதம் வந்தது. நான்தான் உட்கார்ந்து அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

அந்தக் கட்டை ராடு விஷயம் வந்ததும் கடிதத்தை மடியில் வைத்துவிட்டேன். என்ன பிள்ளை நீ? நான் எப்போதாவது உன்னை ஒரு சொல் சொன்னேனா? ஒரு சுளிப்பு சுளித்தேனா? இரும்பு இரும்புதான், எதுவும் ஒரு நாள் விடும். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நீ பள்ளிக்கூடப் பையன். உன் மேல் எனக்கு என்ன கோபம் வரும்?

"பாவம்ங்க அவன். அந்த நுனியை அனுப்பிடுங்க" என்று உன் அண்ணனிடம் சொன்னேன். கட்டுப் போட்ட கண்ணோடு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "அனுப்புறீங்களா?" என்று இன்னொரு தடவை கேட்டேன். "தூக்கம் வருது" என்றார். பகல் பதினோரு மணி.

கண் சரியாகியும் ஹோல்டரைத் தொடவில்லை. கடைக்குப் போகிறார், வருகிறார். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார். உனக்கு அவர் பதில் எழுதவில்லை என்று தெரிந்ததால் நான் எழுதினேன். நீ ஒரு தடவை வந்து போயேன்.

அண்ணி


மே 19

சின்னவனுக்கு,

எல்லோரும் நலம்தான். இதற்கு மேல் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நாலு தாள் கிழித்தாயிற்று.

நீ கேட்ட நுனியை அனுப்ப முடியாது. அதில் நீ வைத்த வெல்டு இல்லை. உன் வெல்டு படியிலேயே இருக்கிறது. அசையவில்லை. அன்றைக்கும் அசையவில்லை. நான்தான் அந்தக் காலை அறுத்தேன்.

பீரோ வாங்கினோமே, ஞாபகம் இருக்கிறதா? நீ வெளியூர் வேலைக்குப் போயிருந்தாய். "ஞாயித்துக்கிழமை வந்து கைப்பிடியைக் கழட்டித் தரேன், அதுவரைக்கும் கீழேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாய். எனக்குப் பொறுக்கவில்லை. தூக்க ஆள் வந்துவிட்டார்கள், மேல்படியில் பீரோ திரும்பவில்லை. இரும்பறுக்கிற ஹாக்சா பிளேடு எடுத்து, உன் வெல்டுக்கு ஒரு விரல் மேலே அறுத்து, காலை ஒதுக்கிவிட்டு பீரோவை ஏற்றினேன். பிறகு காலை இருந்த இடத்திலேயே நிறுத்தி, கட்டுக்கம்பி சுற்றி, மேலே பட்டி போட்டுப் பெயின்ட் அடித்தேன். பார்த்தால் தெரியாது. நீ வந்ததும் சொல்லிச் சரி பண்ணிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். நீ வந்தாய், பீரோ எப்படியோ ஏறிவிட்டது என்று மழுப்பினேன். "அவசரக்குடுக்கை" என்று திட்டுவாயே என்று தள்ளிப்போட்டேன். பத்தொன்பது நாள். இருபதாவது நாள் அண்ணி ஈரத்துணி வாளியோடு அந்தக் கைப்பிடியில் சாய்ந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு நீ வேலைச் சட்டையோடு ஓடிவந்தாய். "அண்ணே, என் வெல்டா விட்டுச்சு?" என்று கேட்டாய். ஆமாம் என்பது போல நான் தலையை ஆட்டினேன். வாயால் ஒன்றும் சொல்லவில்லை என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலமே கைப்பிடியைப் பரணில் ஏற்றிவிட்டு, படியில் நின்ற அடிக்கட்டையை சிமென்ட் பூசி மூடினேன். நீ மாடிப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. பத்து நாளில் ஊரை விட்டுப் போய்விட்டாய். நான் பஸ் ஏற்றிவிட வந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பஸ் கிளம்ப அரை மணி நேரம் இருந்தது.

வருகிறவர்கள் சரியில்லை என்று எழுதினேனே, அது பொய். டிசம்பரில் ஒரு தாடிக்கார வெல்டரைக் கூப்பிட்டேன். சிமென்ட்டைத் தட்டி எடுத்தார். விரலால் தடவினார். "வெல்டு கல்லு மாதிரி நிக்குது சார். இது விடல. யாரோ பிளேடு போட்டிருக்காங்க. யாரு?" என்றார். அண்ணி கீழே சமையலறையில் இருந்தாள். நான் அவரை அப்படியே அனுப்பிவிட்டேன். இனி எந்த வெல்டரும் அந்தப் படியைப் பார்க்கக் கூடாது என்றுதான் நானே பழகினேன். உன்னிடமே கேட்டுப் பழகினேன். வேறு யாரிடம் கேட்டாலும் வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் என்பார்கள். நீ வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

நீ சோம்பல்படவில்லை. கட்டை ராடால் முடிக்கவில்லை. முடித்திருந்தாலும் அது நின்றது.

என்னை மன்னித்துவிடு என்று எழுதக் கூசுகிறது. எழுதுகிறேன்.

அண்ணன்


ஜூலை 2

சின்னவனுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்றாவது கேட்டுக்கொள்கிறேன்.

உனக்கு எழுதிப் போட்டதும் பாரம் இறங்கும் என்று நினைத்தேன். இறங்கவில்லை. தினமும் அண்ணி, "சின்னவன் லெட்டர் போட்டானா?" என்று கேட்டாள். தினமும் இல்லை என்றேன். எதனால் இல்லை என்று சொல்லவில்லை.

போன மாதம் பதினாறாம் தேதி கடைக்கு லீவு போட்டுவிட்டு, காலை சாப்பாடு முடிந்ததும் அவளைப் படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு பக்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறுபக்கம் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மேல்படிக்கு இரண்டு படி கீழே உட்காரவைத்து அந்த அடிக்கட்டையைக் காட்டினேன்.

"இது சின்னவன் வச்ச வெல்டு. விடவே இல்ல. நான்தான் அறுத்தேன்."

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எதுக்கு?" என்றாள்.

"பீரோ ஏத்துறதுக்கு."

"பீரோவுக்கா?"

அவ்வளவுதான் அதைப் பற்றிக் கேட்டாள். பிறகு, "அன்னிக்கு அவன் கேட்டப்ப என்ன சொன்னீங்க?" என்றாள். சொன்னேன். தலையை ஆட்டியதைச் சொன்னேன்.

"என் கால் போனது தெரியாம நடந்தது. அதைக்கூட நான் விட்டுடுவேன். அவன் தொழில் போனது நீங்க தெரிஞ்சே பண்ணது. பதினோரு வருஷம், ஒரு நாள் விடாம பண்ணியிருக்கீங்க."

இறங்க என் தோளைக் கேட்கவில்லை. உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கினாள். நான் மேலேயே நின்றேன். இன்றோடு பதினாறு நாள் ஆகிறது, என்னோடு பேசவில்லை. சாப்பாடு வைக்கிறாள். மருந்தை எடுத்து நீட்டினால் வாங்கிக்கொள்கிறாள்.

கைப்பிடியை நான் நிறுத்தவில்லை. மறுபடி வைத்த இருபது துண்டும் மார்ச்சிலேயே நின்றுவிட்டன, ஆனால் அந்தப் படியில் வைக்க எனக்குக் கை வரவில்லை. நீ வந்து வைப்பாய் என்று அவள் பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

மன்னித்துவிடு.

அண்ணன்


ஆகஸ்ட் 16

அண்ணனுக்கு,

நாங்கள் நலம். உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தன.

முதல் கடிதத்தைக் கம்பெனி வாசலில் நின்று படித்தேன். அன்று வேலைக்குள் போகவில்லை. எங்கே நடந்தேன் என்று தெரியாது, மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். அவள் பயந்துபோனாள். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். "நீங்க வெல்டரா?" என்றாள். "அதான் எந்த வீட்டு கேட்டைப் பார்த்தாலும் நின்னு ஒட்டைத் தடவிப் பார்ப்பீங்களா?" என்றாள். நான் அப்படிச் செய்வேன் என்பதே எனக்குத் தெரியாது.

அந்தக் கட்டை ராடு அண்ணா. அதை நானே உண்டாக்கியிருக்கிறேன். முதுகு வலி, குனிந்து நின்றது, சட்டை சுட்டது, அத்தனையும் நடக்காத ஒன்றின் ஞாபகம். ஏதாவது தப்புச் செய்திருந்தால்தானே நீங்கள் தலையை ஆட்டியிருப்பீர்கள் என்று ஒரு தப்பைத் தேடிப் பிடித்து வைத்துக்கொண்டேன். உங்கள் மேல் எனக்கு வருகிற கோபத்தில் பெரிது இதுதான். ஹோல்டரைக் கீழே வைத்ததுகூட இல்லை.

போன வாரம் பட்டறைக்குப் போனேன். முதலாளி இரண்டு இரும்புப் பிளேட்டைக் கொடுத்து வைக்கச் சொன்னார். முதல் கோடு கோணலாகப் போனது. இரண்டாவது நேராக வந்தது. வைஸில் வைத்து மடக்கிப் பார்த்தார், விரிசல் இல்லை.

"எத்தனை வருஷமா கை விட்டே?"

"பதினொண்ணு."

"ஏன்?"

"என் வேலை சரியில்லன்னு நினைச்சிட்டேன்."

அவர் அந்தப் பிளேட்டை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார். ஒன்றாம் தேதியிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார்.

அண்ணிக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். படிக்கட்டுக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம். என்னால் இப்போது அந்த வீட்டுக்குள் வர முடியாது. அந்தத் தாடிக்காரரையே கூப்பிடுங்கள். யார் அறுத்தது என்று மறுபடியும் கேட்பார். சொல்லுங்கள். அண்ணி இந்த வெயில் முடிவதற்குள் மாடிக்கு ஏறட்டும்.

இரண்டு கடிதத்திலும் மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். அது என்னிடம் இன்னும் வரவில்லை. இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், கோபம்தான் கைக்குக் கிடைக்கிறது. வராததை வந்ததாக எழுத எனக்கு இஷ்டமில்லை. வந்தால் எழுதுகிறேன்.

அண்ணி உங்களோடு பேச ஆரம்பித்துவிட்டார்களா? அதை மட்டும் எழுதுங்கள்.

சின்னவன்